பதினோராம் பக்கத்து அம்பு

நாலு மணிக்கு எமில்டா டீச்சர் வந்துவிடுவாள், மணி மூன்று தாண்டிவிட்டது, கஸ்பார் அந்தத் தாளில் இதுவரை செய்திருந்த ஒரே வேலை மேல் மூலையில் கம்பெனி ரப்பர் ஸ்டாம்பை அடித்தது, அதுவும் கோணலாக விழுந்துவிட்டது. ஐந்து கேள்வி. எட்டாம் வகுப்பைக்கூட முடிக்காமல் துறைமுகத்துக்கு ஓடிவந்தவருக்கு ஐம்பத்துநாலு வயதில் பரீட்சைத் தாள். எழுதத் தெரியாமல் இல்லை. மீன் ஏலத்தில் நூறு பேர் கத்துகிற கூட்டத்தில் எவன் வாங்க வந்தவன், எவன் விலையை ஏற்றிவிட்டு நழுவ வந்தவன் என்று தொண்டைக்குழி ஏறி இறங்குவதை வைத்தே பிரித்துச் சொல்லிவிடுவார், அப்படிப் பிரித்துப் பிரித்துத்தான் இந்த இறால் கம்பெனி, கீழே நூற்றிருபது பொம்பளைகள் நின்று இறால் உரிக்கிற கூடம், பின்னால் ஐஸ் பிளாண்ட், அமோனியா ஓடுகிற குழாய்கள், மேலே கண்ணாடி போட்ட இந்த ரூம், எல்லாம். ஆனால் முதல் கேள்வி குறுக்கே நின்றது. ‘பழைய புத்தகம் எங்கே சறுக்கியது?’ டீச்சர் பச்சை மையில் அழகாக எழுதியிருந்தாள். அதற்குக் கீழே இரண்டு விரல்கடை வெற்றிடம். அவ்வளவுதானா, இரண்டு விரல்கடையில் அடங்குகிற சமாச்சாரமா அது என்று கேட்டுக்கொண்டார், கேட்ட கையோடு, அடங்கும், ஒரே வரியில் அடங்கும், அதுதான் வினை என்றும் தோன்றியது. பேனா மூடியைக் கழற்றினார். மாட்டினார். பழைய புத்தகம் மேசையில்தான் கிடந்தது, ‘அமோனியா கசிந்தால் என்ன செய்ய வேண்டும்’, பதினாறு பக்கம், வழவழப்புத் தாள், பின்னட்டையில் அவருடைய படம், கையைக் கூப்பிக்கொண்டு. போன ஜூனில் கசிந்தது. புத்தகம் எல்லாரிடமும் இருந்தது. படித்துப் புரிந்துகொண்டோம் என்று எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். செலின் செத்துப்போனாள்.

விசாரிக்க வந்த ஆபீசர் எழுதின அறிக்கை பீரோவில் இருக்கிறது, ‘பதற்றத்தில் தவறான திசையில் ஓடியதால்’ என்று ஒரு வரி, ஒரு பொம்பளையின் முப்பத்தாறு வருஷத்தை மடித்து உள்ளே வைத்த வரி. கம்பெனி மேல் தப்பில்லை, புத்தகம் கொடுத்திருக்கிறார்கள், வகுப்பு எடுத்திருக்கிறார்கள், கையெழுத்து இருக்கிறது. ஆனாலும் புத்தகத்தைத் திருத்திப் போடுங்கள், போடுமுன் சோதித்துப் பாருங்கள், சோதிக்குமுன் எப்படிச் சோதிப்பீர்கள் என்று ஒரு திட்டம் எழுதிக் கொடுங்கள் என்று வாலையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். அந்த வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவள்தான் இந்தப் பாலிடெக்னிக் டீச்சர். “நான் என்ன கம்பெனி நடத்துதேனா, பள்ளிக்கூடம் நடத்துதேனா?” என்று போன வாரம் அவள்மேல் பாய்ந்தார். அவள் அசரவில்லை. ஒல்லியான பொம்பளை, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “வலையைக் கடல்ல போடுறதுக்கு முன்னால கரையில விரிச்சுப் பாப்பியள்லா அண்ணாச்சி, எங்க கிழிஞ்சிருக்குன்னு? அதுதான் இது. அச்சுக்குப் போறதுக்கு முன்னால, படிக்கப்போறவங்க கையிலயே குடுத்துப் பாக்கணும்” என்றாள். “சரி, எவளுக்கு மண்டையில ஏறலன்னு பாத்துச் சொல்லுதேன், போதுமா?” என்றார். அதற்கு அவள் சிரித்தாள். “எவளுக்கு ஏறலன்னு இல்ல, எந்தப் பக்கம் ஏறலன்னு. பரீட்சை புத்தகத்துக்குத்தான் அண்ணாச்சி. பொம்பளைகளுக்கு இல்ல.” அந்த ஒரு வார்த்தைதான் ஒரு வாரமாக மண்டைக்குள் சுற்றுகிறது. பரீட்சை புத்தகத்துக்கு. அப்படியென்றால் புத்தகம் பெயிலாகலாம். புத்தகம் பெயிலானால் பின்னட்டையில் கையைக் கூப்பிக்கொண்டு நிற்கிறவன்? புழுக்கமாக இருந்தது. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் பிடரியில் வியர்வை. இந்த வாடை வேறு, இறால் வாடை, குளோரின் வாடை, அதற்கு அடியில் ஒரு நூல் மாதிரி அமோனியா, இருக்கிறதா இல்லையா என்று மூக்கு தேடிக்கொண்டே இருக்கும், ஒரு வருஷமாக மூக்கு சும்மா இருப்பதில்லை, வீட்டில் பாத்ரூமைக் கழுவினால்கூட எழுந்து போய் வாசலில் நின்றுவிடுகிறார். இல்லை. இப்போது இல்லை. குளோரின்தான்.

கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தார். வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் கோட்டு, நீலக் கையுறை, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், மேலிருந்து பார்த்தால் எவள் எவளென்று தெரியாது, கைகள் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருக்கும், தலையைக் கிள்ளு, ஓட்டை உரி, நரம்பை இழு, தட்டில் போடு. ஈரத் தரையில் சிவப்பு அம்புகள். வாசலில் இருந்து கழுவுகிற தொட்டிக்கு ஒரு அம்பு, தொட்டியில் இருந்து உரிக்கிற மேசைக்கு, மேசையில் இருந்து எடை போடுகிற இடத்துக்கு, அங்கிருந்து உறையவைக்கிற அறைக்கு. பச்சை இறாலும் கழுவின இறாலும் எங்கேயும் குறுக்கே சந்திக்கக் கூடாது என்று சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரன் வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான், அன்றைக்குப் போட்ட சட்டம், ஆள் அம்பு காட்டுகிற பக்கம்தான் நடக்க வேண்டும். மறந்து வைத்த தட்டை எடுக்க இரண்டு எட்டு பின்னால் வைக்கக் கூடாது, கூடத்தை முழுக்கச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். ஒன்பது வருஷம். ஒன்பது வருஷமாக இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று மைக்கில் கத்தியிருக்கிறார். ‘ஏட்டி, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு, அம்பு தெரியலையா?’ ‘ஆளப் பாத்து நடக்காத, அம்பப் பாத்து நட!’ முதல் ஆறு மாசம் தொண்டை கிழிந்தது. அப்புறம் கத்தவே வேண்டியிருக்கவில்லை. கால் தானாகப் போனது. அடுத்த தடவை வந்த வெளிநாட்டுக்காரன் கூடத்தைப் பார்த்துவிட்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான், என்னவோ சொன்னான், மொழிபெயர்த்தவன் ‘இந்த மாதிரி ஒழுங்கை எந்த நாட்டிலயும் பாக்கலங்கான்’ என்றான், அன்றைக்கு எல்லாருக்கும் பிரியாணி. பெருமை. அந்தப் பெருமையை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது. கீழே ஒருத்தி தும்மினாள், தலையை மட்டும் திருப்பித் தோளில் மூக்கைத் தேய்த்துக்கொண்டு மறுபடி கையை ஓட்டினாள். காலை நகர்த்தவில்லை. பெயின்டரிடம் பேசினது ஞாபகம் வந்தது, போர்டு எழுதுகிற ஆள், புத்தகத்துக்குப் படம் போடக் கூட்டிவந்திருந்தார், பதினோராம் பக்கத்துக்குக் கம்பெனி வளாகத்தை மேலிருந்து பார்க்கிற மாதிரி, ஐஸ் பிளாண்ட், கூடம், கிழக்கே பெரிய கேட்டு, மேற்கே சின்ன கேட்டு. ‘காத்து எப்படி அடிக்குதுன்னு காட்டணுமே அண்ணாச்சி.’ ‘ஒரு அம்பு போடு.’ ‘என்ன கலரு?’ ‘சிவப்புல போடுவே, கண்ணுல அடிக்கணும்லா.’ அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. டீ வந்தது, குடித்தார்கள். கச்சான் காற்று மேற்கே இருந்து கிழக்கே, சிவப்பு அம்பு மேற்கே இருந்து கிழக்கே. கீழே எழுத்தில் சரியாகத்தான் போட்டிருந்தது, ‘காற்று வரும் பக்கமாக ஓடுங்கள்’, எழுத்தில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது, ஆபீசரும் எழுத்தைத்தான் படித்தார். எழுத்தைப் படிக்கிறவர்களுக்கு எழுத்து.

போகட்டும், இரண்டாவது கேள்வியைப் பார்ப்போம் என்று தாளில் கண்ணைக் கீழே இறக்கினார். ‘யாரிடம் கொடுத்துப் பார்ப்பீர்கள்?’ இது சுலபம். முதலில் மூன்று பேர், ஒவ்வொருத்தியாக, தனித்தனியாக. அப்புறம் எட்டுப் பேர் சேர்ந்து. கடைசியில் ஒரு ஷிப்ட் முழுக்க. மூன்று பேரில் ஒருத்தி நன்றாக வாசிக்கிறவள், ஒருத்தி நடுத்தரம், ஒருத்தி வாசிக்கவே தெரியாதவள் என்று டீச்சர் சொல்லியிருந்தாள். லூர்து என்று எழுதினார். லூர்து பேப்பர் படிப்பாள். அடுத்து கிளாரா. கிளாரா கெட்டிக்காரி, கணக்கில் புலி. எழுதிவிட்டு, அட, இவளும் வாசிக்கிறவள்தானே என்று அடித்தார். அமிர்தம்? அவளும் அப்படித்தான். வாசிக்கத் தெரியாதவள் யார்? நூற்றிருபதில் நாற்பது பேராவது இருப்பார்கள், ஒரு பெயர் வரவில்லை. நல்லா வேலை பார்க்கிறவள் பெயர் தெரியும், எதிர்த்துப் பேசிவிட்டு வேலையை விட்டுப் போனவள் பெயர் தெரியும், நடுவில் கிடக்கிற கூட்டத்துக்குப் பெயரே இல்லையே. செலின் வாசிப்பாளா? தெரியாது. ஒன்பது வருஷம் கீழே நின்றாள், கழுவுகிற தொட்டியில், எல்லாருக்கும் பின்னால், சுவரோரம், அவள் வாசிப்பாளா என்று தெரியாது. கையெழுத்து ஏட்டை எடுத்துப் பார்க்கலாம். பார்க்கவில்லை. கைநாட்டு இருந்தால் என்ன செய்வது? கைநாட்டு வைத்தவளிடம் பதினாறு பக்கத்தைக் கொடுத்துப் படித்துப் புரிந்துகொண்டேன் என்று வாங்கினது யார்? ஐசக் வாங்கினான். சூப்பர்வைசர். ஐசக்கிடம் வாங்கச் சொன்னது யார்? ஐசக் அன்றைக்கு நன்றாகத்தான் செய்தான், அதையும் சொல்ல வேண்டும், மணி அடித்ததும் கூடத்தில் இருந்த அத்தனை பேரையும் சின்ன கேட்டு வழியாகக் கத்திக் கத்தி ஓட்டினான், ஒருத்தருக்கும் புத்தகம் தேவைப்படவில்லை, ஐசக் கத்தினான், ஓடினார்கள். செலின் மட்டும் கூடத்தில் இல்லை. பின்பக்கம் தட்டுக் கழுவப் போயிருந்தாள். கத்த ஆள் இல்லை. வெள்ளைப் புகை, கண்ணைத் திறக்க முடியாது, தனியாக ஒரு பொம்பளை, ஞாபகத்தில் ஒரு படம்.

வேண்டாம் என்று நினைக்க நினைக்க ஆஸ்பத்திரி வார்டு வந்துவிட்டது, அந்தப் பச்சைத் திரை, யாரோ சாப்பிட்டு வைத்த ஆரஞ்சுத் தோல். கண் இரண்டிலும் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தார்கள். உதடு வெந்துபோயிருந்தது. திட்டுவாள் என்றுதான் போனார், திட்டினால் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம், வாங்கிக்கொள்வது அவருக்குப் பழக்கம், வாங்கி வாங்கித்தான் வளர்ந்தார். அண்ணாச்சி வந்திருக்காவ என்று நர்ஸ் சொன்னதும் அவள் எழுந்து உட்காரப் பார்த்தாள். எழுந்து உட்காரப் பார்த்தாளே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது. “படுட்டி, படு” என்றார். குனிந்தார். குரல் இல்லை, தேங்காய் துருவுகிற மாதிரி ஒரு சத்தம். “அம்பு காட்டுன பக்கந்தான ஓடுனேன் அண்ணாச்சி,” என்றாள். குறை சொல்லவில்லை. சிலேட்டைக் கொண்டுவந்து நீட்டுகிற மாதிரி. கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, “தப்பாயிருச்சா?” என்று கேட்டாள். அவர் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “இல்ல மக்கா, சரியாத்தான் ஓடுன” என்றார். மறுநாள் விடியுமுன் போய்விட்டாள். சரியாத்தான் ஓடினவள் தவறான திசையில் ஓடினாள் என்று அறிக்கை வந்தது, கீழே கம்பெனி சார்பில் ஒரு கையெழுத்து வேண்டும் என்றார்கள், போட்டார். அந்தக் கையெழுத்துக் கோணலாக விழவில்லை. எழுதிவிடலாம். முதல் கேள்விக்கு இரண்டு விரல்கடை தாராளம், ‘நடக்கிற பாதைக்குத் தரையில் போட்ட அதே சிவப்பு அம்பைக் காற்றுக்கும் போட்டது’. எழுதினால் ஆபீசர் அறிக்கையைத் திருப்பிப் படிப்பார், வக்கீல் வருவான், வாங்குகிறவன் வேறு கம்பெனிக்குப் போவான், நூற்றிருபது பேர் வீட்டுக்குப் போவார்கள், அதில் செலினின் தங்கச்சியும் ஒருத்தி. இது நல்ல வாதம்தான், ஏலத்தில் நின்றால் இந்த வாதத்துக்கு நல்ல விலை போகும், ஆனால் எதிரே நின்று வாங்குகிறவனும் அவரேதான், அவருக்குத் தெரியும் சரக்கு அழுகல் என்று. எழுதாமலே அம்பை எடுத்துவிட்டார், புதுப் புத்தகத்தில் அம்பே கிடையாது, அதற்குப் பதில் ஐஸ் பிளாண்ட் கூரைமேல் ஒரு கொடி பறக்கிற மாதிரி பெயின்டரை வைத்துப் போட்டாயிற்று, கடற்கரை ஜனத்துக்குக் கொடியைப் பார்த்தால் காற்று தெரியாதா என்ன, அவராக யோசித்தது. அப்புறம் எதற்கு முதல் கேள்வி. டீச்சர் விடமாட்டாள். ‘எங்க கிழிஞ்சதுன்னு தெரியாம எப்படி அண்ணாச்சி தைச்சிய?’ என்று கேட்பாள். கேட்கத்தான் போகிறாள்.

மூன்றாவது கேள்வி, ‘அப்போது யார் உடனிருப்பார்கள்?’ நான்காவது, ‘புரிந்ததா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?’ இரண்டும் ஒன்றுதான் என்று கஸ்பாருக்குத் திடீரென்று பட்டது. பதினாறு வயதில் பழைய ஐஸ் பிளாண்டில் மேஸ்திரி பாக்கியநாதன், கையில் எப்போதும் ஸ்பேனர், ‘ஏலே, மூணாம் வால்வ அரைச் சுத்து திருப்பு’ என்பார். சரி மேஸ்திரி என்று ஓடுவான் கஸ்பார். எது மூன்றாவது, எங்கிருந்து எண்ண வேண்டும், அரைச் சுற்று எந்தப் பக்கம், ஒன்றும் தெரியாது. கேட்டால் ஸ்பேனர் முட்டியில் விழும். கையை ஒவ்வொரு வால்வாகக் கொண்டுபோவான், கண்ணை மேஸ்திரி முகத்தில் வைத்திருப்பான், முகம் இறுகினால் அடுத்தது, முகம் தளர்ந்தால் அதுதான். இரண்டு வருஷத்தில் அவன்தான் அங்கே கெட்டிக்காரப் பயல். குழாய் எங்கே போகிறது என்று தெரியாமலே. பிறகு ஏலத்துக்கு வந்தபோது அதே வித்தைதான் சோறு போட்டது, மனுஷன் முகத்தைப் படிக்கத் தெரிந்தவன் பிழைத்துக்கொள்வான் என்று எத்தனை பேரிடம் மார்தட்டியிருக்கிறார். இப்போது மேஸ்திரி யார், ஸ்பேனர் எது. மைக் மேசையில் கிடந்தது. யாரை உடன் வைப்பது? ஐசக்கையா, அவன் அவருடைய சின்ன நகல். டீச்சரையா, டீச்சர் என்றாலே எழுந்து நின்றுவிடுவார்கள். ஒருத்தரும் வேண்டாம் என்றால், வேலை நேரத்தில் ஒருத்தியைத் தனி ரூமில் விட்டால் என்ன தப்புச் செய்தோமோ என்று அழுதுவிடுவாள். மணி மூன்று நாற்பது. சும்மா ஒருத்தியைக் கூப்பிட்டுப் பார்த்தால்தான் என்ன என்று தோன்றியது, தோன்றினபோதே யாரை என்றும் தெரிந்துவிட்டது, தெரிந்ததால் கோபம் வந்தது, அந்தக் கோபத்திலேயே மைக்கை எடுத்து, “ரெஜினா, மேல வா” என்றார். கீழே நூற்றிருபது முதுகும் ஒரு சேர விறைத்தன. செலினின் தங்கச்சி கையில் இருந்த இறாலைத் தட்டில் வைத்தாள். மாடிப்படி அவள் மேசைக்குப் பின்னாலேயே இருந்தது, நாலு எட்டு. அவள் எடை போடுகிற இடம், உறையவைக்கிற அறை வாசல், தொட்டி என்று கூடத்தை முழுக்கச் சுற்றிக்கொண்டு வந்தாள். கஸ்பார் கண்ணாடியில் நெற்றியை வைத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கூப்பிட்டியளாம் அண்ணாச்சி.” விரல் நுனியெல்லாம் ஐஸ் தண்ணீரில் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

“உக்காரு.”

“நிக்கேன் அண்ணாச்சி.”

“உக்காருன்னா உக்காரேன்ட்டி.”

நாற்காலி நுனியில் ஒட்டினாள். “அந்த உடைஞ்ச தட்டு என் தட்டு இல்ல அண்ணாச்சி. அமிர்தம் அக்கா தட்டு.”

“எந்தத் தட்டு?”

“ஒண்ணுமில்ல.”

புதுப் புத்தகத்தின் பதினோராம் பக்கத்தை அவள் முன்னால் தள்ளினார். “இங்க பாரு. பரீட்சை இந்தப் புத்தகத்துக்குத்தான். புரியுதா?”

“புரியுது அண்ணாச்சி.”

“என்ன புரியுது?”

“பரீட்சை.”

“யாருக்கு?”

“எனக்கு.”

கஸ்பார் ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தார். கத்தக் கூடாது. தலையாட்டக் கூடாது, ம் கொட்டக் கூடாது, சொல்லிக் கொடுக்கக் கூடாது, டீச்சர் விரல் விட்டுச் சொல்லியிருந்தாள். “கேஸ் கசிஞ்சிருச்சுன்னு வையி. பக்கத்துல யாருமில்ல. இந்தப் படம் மட்டும் ஞாபகம் இருக்கு. என்ன செய்வ? மனசுல வர்றத அப்படியே சொல்லு. நான் வாயத் தொறக்கல.”

அவள் படத்தை ஒரு கண் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். “கொடி பறக்குது.” நிறுத்தினாள். “மாதா கோயில்ல கொடி ஏத்துவாவள்லா. கொடி ஏறுச்சுன்னா எல்லாரும் அங்க போயித்தான நிக்கணும். அப்ப கொடிக்கிட்ட ஓடணும்.”

கொடி ஐஸ் பிளாண்ட் கூரையில் இருந்தது. கசிகிற இடத்தில். கஸ்பார் வாயைத் திறக்கவில்லை, முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டதாகத்தான் நினைத்தார். ஆனால் எங்கேயோ எதுவோ அசைந்திருக்க வேண்டும், ஏனென்றால் கொடிமேல் நின்ற அந்த வெளுத்த விரல் நகரத் தொடங்கியது. மெதுவாக, தாளை உரசிக்கொண்டு, கிழக்கே பெரிய கேட்டுப் பக்கம் வந்தது. அவர் தாடை இறுகியது அவருக்கே தெரிந்தது. விரல் நின்றது, திரும்பியது, கூடத்தைத் தாண்டி மேற்கே சின்ன கேட்டுக்கு வந்தது, அவர் அடக்கி வைத்திருந்த மூச்சு வெளியே வந்துவிட்டது, விரல் அங்கேயே ஊன்றிக்கொண்டது.

“இங்க அண்ணாச்சி. இந்தக் கேட்டு. காத்து வர்ற பக்கம்.”

“எப்படிட்டி கண்டுபிடிச்ச?”

“படத்துல போட்டிருக்கே.”

விரல் ஊர்ந்த அவ்வளவு நேரமும் அவள் படத்தைப் பார்க்கவே இல்லை. நாற்காலியைச் சுழற்றிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார், கேலண்டர், அதில் யாரோ ஒரு புனிதர், கையில் மீன். “இப்ப மறுபடி சொல்லு.” ஏசி மட்டும் உறுமியது. தாள் ஒருதரம் சரசரத்தது. அப்புறம், “என்மேல கோவமா அண்ணாச்சி?” என்று ஒரு குரல் வந்தது, அது செலினின் குரலாகவும் இருந்தது, அக்கா தங்கச்சி என்றால் குரல் அப்படித்தான் இருக்கும், எல்லா வீட்டிலும் உள்ளதுதான், அவர் சுவரைப் பார்த்தபடியே, கத்தப்போகிறோம் என்று நினைத்து வாயைத் திறந்தவர், கத்தாமல், “உங்க அக்கா தப்பா ஓடல” என்றார். தன் காதுக்கே கேட்டதா என்று சந்தேகமாக இருந்தது. திரும்பினார். “பழைய படத்துல காத்துக்கு ஒரு அம்பு போட்டிருந்தேன். செவப்பு அம்பு. காத்து போற பக்கத்துக்கு. கீழ தரை அம்புல நடக்க மாதிரி நினைச்சு அவ அதும்படியே போயிட்டா. கேஸு போன பக்கம். தப்பு படத்துல. நான் போடச் சொன்னது.”

ரெஜினா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், இந்தத் தடவை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாதவளைப் போல. பிறகு, “தெரியும் அண்ணாச்சி” என்றாள்.

“என்ன தெரியும்?”

“ஆஸ்பத்திரியில எங்கிட்டயும் சொன்னா. எல்லாருக்கும் தெரியும்.” கண்ணாடிப் பக்கம் தலையைச் சாய்த்தாள்.

“ஐசக்குக்கு?”

“அவருக்கும்.”

ஒரு வருஷம். ஒரு வருஷமாக மேலே ஒருத்தன் அதைப் பல்லுக்கடியில் வைத்துக்கொண்டு நிற்க, கீழே நூற்றிருபது பேர் அதே சங்கதியை வைத்துக்கொண்டு இறால் உரித்திருக்கிறார்கள், நல்ல நாள் பெரிய நாளுக்குச் சிரித்திருக்கிறார்கள், ஸ்தோத்திரம் அண்ணாச்சி என்றிருக்கிறார்கள்.

“வகுப்பு எடுத்த அன்னைக்கே லூர்து அக்கா கேட்டாவ,” ரெஜினா தானாகவே சொல்லிக்கொண்டு போனாள், “இந்த அம்பு எதுக்குட்டி, இதுலயா போகணும், கீழ வேற மாதிரிலா எழுதியிருக்குன்னு. காதுக்குள்ளதான் கேட்டாவ. நீங்க மைக்குல புரிஞ்சுதான்னு கேட்டுக்கிட்டு இருந்திய. எங்க அக்காதான் சும்மா இருங்கக்கா, ஏசுவாவன்னு சொன்னா.”

“யாரு, செலினா?”

“ஆமா.”

கஸ்பார் மேசைமேல் இரண்டு கையையும் பரப்பி வைத்துக்கொண்டார், தாள் உள்ளங்கைக்கு அடியில் நனைந்தது. கேட்க வேண்டியது இன்னும் ஒன்றுதான் இருந்தது. அதைக் கேட்டால் நாலாவது கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும், மூன்றுக்கும், ‘அச்சான பிறகு தவறு தெரிந்தால் யார் சொல்வார்கள்?’ என்கிற ஐந்துக்கும்கூட. பேரம் பேசுகிற குரல் வந்துவிடக் கூடாதென்று குரலைத் தேடி எடுத்தார். “இந்தப் புதுப் படத்துலயும் தப்பு இருக்கு. நீ கொடிக்கிட்ட ஓடுவேன்னு மொதல்ல சொன்னபாரு, அதுதான் நெசம். மத்தது நீ என் மூஞ்சியப் பாத்துச் சொன்னது. ஏச மாட்டேன். இனிமே இப்படி ஒண்ணு தப்பாத் தெரிஞ்சா, வந்து எங்கிட்டச் சொல்லுவியா?”

அவள் முதல்தடவையாக அவர் முகத்தில் இருந்து கண்ணை எடுத்தாள். படத்தின்மேல் வைத்தாள், கொடியில், கேட்டுகளில், பிறகு எதிலும் இல்லாமல். அவசரப்படவில்லை. ஒருத்தர் ஒரு கேள்வியை உண்மையாகக் கேட்டுவிட்டார் என்றால் அதற்கு உண்மையாக யோசிக்க வேண்டும் என்கிற மாதிரி உட்கார்ந்து யோசித்தாள்.

“மாட்டேன் அண்ணாச்சி” என்றாள்.

“மேசையில இறால் கெடக்கு, நான் போகட்டா?” என்று எழுந்தாள். அவர் கையை அசைத்தார். படியில் ரப்பர் பூட்ஸ் ஒவ்வொன்றாக இறங்கிப் போனது. கஸ்பார் கோபம் வரும் என்று காத்திருந்தார், வந்தால் எழுந்து நின்று கத்தலாம், கத்தினால் கீழே எல்லாம் வழக்கம்போல ஓடும். வரவில்லை.